மாப்பிள்ளைத் தண்ணீர்

கல்யாண வீட்டில் மிகவும் ஆபத்தான பொருள் எது என்று கேட்டால் சிலர் அடுப்பு என்பார்கள், சிலர் பந்தலில் தொங்கும் மின்கம்பி என்பார்கள். என் பதில் வேறு: வேலையில்லாமல் இருக்கும் மாப்பிள்ளை. அவன் படித்தவனாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அந்தப் படிப்பு பொறியியலாக இருந்துவிட்டால், முகூர்த்தம் வரைக்கும் அவனை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

என்னை யாரும் பூட்டவில்லை.

நான் அரசாங்கக் குடிநீர்த் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம் என்று எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (என் மனைவி ஒருமுறை எழுப்பிக் கேட்டுப் பார்த்தாள். சொன்னேன். "போதும், தூங்குங்க" என்றாள்.) ஆனால் என் வாழ்க்கையின் முதல் குழாய்த் திட்டம் இந்த நடைமுறைகளில் ஒன்றைக்கூடப் பின்பற்றவில்லை. அதன் மதிப்பீடு ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போடப்பட்டது. ஒப்புதல் கொடுத்தவர் என் வருங்கால மாமனார். மாப்பிள்ளை கேட்டதை மறுக்கக்கூடிய மாமனார் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இல்லை. பத்திரிகையில் மாப்பிள்ளையாக அச்சாகியிருந்தது என் பெயர்தான்.

எண்பதுகளின் தொடக்கம், வைகாசி மாதம். பெண் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில். எனக்கு வேலை கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவரை அலுவலகத்தில் என்னை நம்பி ஒரு வாளித் தண்ணீரைக்கூட ஒப்படைத்ததில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஏதோ சாக்கில் பெண் வீட்டுக்குப் போனேன். மாமா கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெருக் கெணறு வத்திப்பூட்ச்சி மாப்ள. அடியில கீறது சவுறு தண்ணி. அதுல பருப்பு வேவாது. நம்ம கயனிக் கெணத்துல நல்ல தண்ணி கீது. டிரம்மு வச்சி ரெண்டு வண்டி ஓட்டலாம்னு கீறேன்."

அந்த இடத்தில் 'நல்ல யோசனை மாமா' என்று சொல்லிவிட்டு மோர் குடித்திருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் உள்ளே, கதவுக்குப் பின்னால், பச்சைத் தாவணி ஒன்று அசைந்தது.

"இந்தக் காலத்துல மாட்டு வண்டி எதுக்கு மாமா? ஒரு டியூப் போட்டா தண்ணி தானா வந்துடும்."

"அம்மாந் தூரம் வருமா?"

"தூரம் முக்கியமில்ல மாமா. மட்டம்தான் முக்கியம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பல்கலைக்கழகம் என் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

திட்டம் இதுதான். கழனியில் மோட்டார் கொட்டகையின் கூரை தளம் போட்டது. அதன்மேல் பெரிய டிரம்மை ஏற்றி, மோட்டாரால் நிரப்பிக்கொண்டே இருப்பது. டிரம்மின் அடியிலிருந்து கறுப்பு டியூப் புறப்பட்டு, கழனிகளைக் கடந்து, சமையல் கொட்டகையில் வந்து முடியும். கரண்ட் போனாலும் டிரம்மில் இருப்பது வந்துகொண்டிருக்கும். மட்டம் பார்த்தேன். கூரை, சமையல் கொட்டகையைவிட ஒன்றரை ஆள் உயரம் மேலே இருந்தது. அந்த உயரத்திலிருந்து விழும் நீருக்கு என்ன வேகம் இருக்கும் என்று பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு குடம் நிரம்பும் என்று விடை வந்தது. அழகான விடை. அடிக்கோடு போட்டேன்.

அந்தக் கணக்கின் தலைப்பில் 'உராய்வு நீங்கலாக' என்று எழுதியிருந்தேன். கல்லூரித் தேர்வில் பாதிக் கேள்விகள் அப்படித்தான் முடியும்: உராய்வைப் புறக்கணிக்கவும். நானும் நான்கு வருடம் அதை மிகுந்த கீழ்ப்படிதலுடன் புறக்கணித்து முதல் வகுப்பில் தேறியிருந்தேன். உராய்வைப் பற்றித் தனிப்பாடமும் இருந்தது. பத்துப் பக்கம் பதிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அது தேர்வுக்குப் படித்தது. இது கல்யாணம்.

படிக்காதவர்களுக்காக (அன்றைய என்னையும் சேர்த்துத்தான்) ஒன்று சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் போகும் தண்ணீர் முழுவதும் ஒரே வேகத்தில் போவதில்லை. கிராமத்துத் தெருவில் நடுவே நடக்கிறவன் சீக்கிரம் போய்விடுவான். ஓரமாகப் போகிறவனை வீட்டுக்கு வீடு நிறுத்தி, "எங்க இம்மாந் தூரம்? அம்மா சுகமா?" என்று விசாரிப்பார்கள். தண்ணீரும் அப்படித்தான். குழாயின் சுவரை ஒட்டிய நீர் அங்கேயே ஒட்டி நிற்கும். அடுத்த அடுக்கு அதன்மேல் உரசி நகரும். நடுவில் இருப்பது மட்டும் கொஞ்சம் நிம்மதியாகப் போகும். இந்த உரசலில் ஆற்றல் தீர்ந்துகொண்டே வரும். தெரு நீளமாக ஆக, விசாரிக்கும் வீடுகள் கூடும். தெரு குறுகிச் சந்தாகிவிட்டாலோ எல்லோருமே ஓரம்தான். அதே தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் இழப்பு இரண்டு மடங்கு ஆகும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. முப்பது மடங்கைத் தாண்டும்.

இப்போது என் குழாயைப் பாருங்கள். ஒரே அளவில், ஒரே நீளமாக டியூப் கிடைக்கவில்லை. ஊரில் யார் யார் வீட்டில் தோட்டத்துக்கு டியூப் இருந்ததோ அதையெல்லாம் இரவல் வாங்கினேன். சில கட்டை விரல் மொத்தம், சில சுண்டுவிரல் மொத்தம். பெரிதுக்குள் சிறியதைச் செருகி, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, கட்டுக் கம்பியால் முறுக்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அடிபட்டுக் கட்டுப் போட்ட ஒரு நீளமான ஆள் படுத்திருப்பது போல் இருந்தது.

நேராகப் போட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தேறியிருக்கும். நடுவில் மாமாவின் பங்காளி கழனி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வரப்பு விஷயமாகப் பேச்சில்லை. குழாய்க்குள் இருக்கும் உரசலையே நினைக்காதவன், குழாய்க்கு வெளியே இருந்த இந்த உரசலை எங்கே நினைப்பது? சுற்றிக்கொண்டு போனேன். ஒருவழியாகப் பந்தல் வரைக்கும் கொண்டுவந்தால், மாமாவின் அக்கா கன்னியம்மா வாசலில் நின்றார். கல்யாண வீட்டின் முழு அதிகாரமும் அவர் இடுப்பில், சாவிக் கொத்தோடு செருகப்பட்டிருந்தது.

"இன்னா மாப்ள இது, பொண்ணு நடக்கற வாசல்ல கருநாகம் மாதிரி கெடக்குது? இத்த அந்தாண்ட கொண்டும்போ."

அந்தாண்ட என்றால் வைக்கோல் போரைச் சுற்றி, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, புளிய மரத்தைச் சுற்றி. ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் நின்று, திகைத்து, வழி கேட்டு நடக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் வளைவுகளில் ஏற்படும் இழப்புக்கு 'சிறு இழப்புகள்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் கன்னியம்மாவைச் சந்தித்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே நான் பெண் வீட்டில் ஆஜர். அன்று மாப்பிள்ளை அழைப்புக்கு முன் அங்கே காலை வைக்கக் கூடாது என்பது வழக்கம். தொழில்நுட்ப மேற்பார்வை என்று சொல்லி நுழைந்துவிட்டேன். மாமா என் பேச்சை நம்பி இரண்டு வண்டிகளையும் நாற்காலி, ஜமக்காளம் ஏற்றிவர உத்திரமேரூருக்கு அனுப்பியிருந்தார். இருட்டுவதற்கு முன் திரும்பாது. சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்து உறவினர் கூட்டம் வந்து இறங்கும். இறங்கியதும் சாப்பாடு போட வேண்டும். அதில் குறை வந்தால் மாமா அந்த வட்டாரத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எல்லாம் அந்த டியூபின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது டிரம்மின் வால்வைத் திறந்துவிட்டு ஓடி வந்தேன். சமையல் மேஸ்திரி எத்திராஜ் அண்டாவைக் கழுவி நிமிர்த்தி வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு டியூபின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள்.

முதலில் காற்று வந்தது. பெருமூச்சு மாதிரி.

"தண்ணி வர்றதுக்கு முன்னால காத்துதான் வரும்" என்று விளக்கினேன்.

"அப்டியா? சரி, வரட்டும்" என்றார் எத்திராஜ்.

பிறகு தண்ணீர் வந்தது. எத்திராஜ் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"யப்பா! வெந்நியா வருது! வெறகுகூட வேணாம்னு மாப்ளையே காய்ச்சி அனுப்பறாருபா!"

(கறுப்பு டியூப், வைகாசி வெயில். உராய்வாலும் நீர் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் அது தெர்மாமீட்டருக்கே தெரியாத சூடு. இந்த வேறுபாட்டை நான் அங்கேயே விளக்க முயன்றேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.)

சூடு தணிந்து, நல்ல தண்ணீர் வரத் தொடங்கியது. 'வரத் தொடங்கியது' என்பது பெரிய சொல். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாமல், அண்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு முதல்முறை வரும் பெண்ணைப் போலத் தயங்கித் தயங்கி இறங்கியது. அண்டாவின் அடி நனைவதற்குள் கூட்டத்தில் ஒருவர் பீடி பற்றவைத்து, குடித்து முடித்து, அணைத்தும் விட்டார்.

"மாப்ள" என்றார் எத்திராஜ், மிகவும் மரியாதையாக. "இந்த அண்டா ரொம்பறதுக்குள்ள உங்களுக்குக் கொயந்த பொறந்துடும். இன்னும் கல்யாணமே ஆவல."

காற்று அடைத்திருக்கும் என்று முடிவுசெய்தேன். தவறு நம் கணக்கில் இல்லை, காற்றில் இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொரு இணைப்பிலும் வாய் வைத்து உறிஞ்சினேன். மாட்டுக் கொட்டகை மூலையில் மண்டி போட்டு, கன்னம் ஒட்ட உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, காஞ்சிபுரத்திலிருந்து வந்த போட்டோக்காரர் "சார், இங்க பாருங்க" என்றார். பார்த்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் படம் அதுதான்.

நான் திரும்பி வந்தபோது மாமா அண்டா பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாதான் ஆவுது மாப்ள? கயனில போயி பாத்தேன். டிரம்மு ரொம்பி வய்ஞ்சிக்கினு கீது. இங்க வர்ல. நடுவுல எங்கனா ஓட்டையா?"

எங்கள் துறையில் நீருக்கு உயரத்தால் கிடைக்கும் ஆற்றலை 'ஹெட்' என்போம். வழியில் உராய்வால் அது குறைவதற்கு 'ஹெட் லாஸ்' என்று பெயர். புளிய மரத்தடிக்கு வந்தபோதுதான் அந்தப் பத்துப் பக்கப் பதில் எனக்கு வரி வரியாக ஞாபகம் வந்திருந்தது. மாமாவுக்குப் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அதை அங்கேயே தமிழாக்கினேன்.

"ஓட்டை இல்ல மாமா. அங்க பொறப்படும்போது தலை இருக்கு. இங்க வர்றதுக்குள்ள தலை போயிடுது."

பந்தலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"இன்னாது?" என்று கன்னியம்மாவின் குரல் எழுந்தது. "இன்னா போவுது?"

"தலைதான் பெரியம்மா. ஆனா பயப்பட வேணாம். எல்லா இடத்துலயும் போறதுதான், தவிர்க்க முடியாது. நீளம் ஜாஸ்தி ஆனதால சீக்கிரம் போயிடுச்சு."

"அய்யய்யோ! கோதண்டம்! கேட்டியா உன் மாப்ள பேச்ச? நாளைக்குத் தாலி கட்டப் போற மனுசன், இன்னிக்கி வாசல்ல நின்னுக்கினு தலை பூடும் தலை பூடும்ன்றாரே! எம் பொண்ணு கதி இன்னாவுறது?"

"தண்ணிக்குத்தான் பெரியம்மா தலை!"

"தண்ணிக்கு ஏதுய்யா தலை? தலை மனுசனுக்குத்தான் கீது!"

கல்யாண வீட்டில் 'விளக்கு அணைந்தது' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'குளிர்ந்தது' என்பார்கள். அங்கே போய் மாப்பிள்ளையே தன் வாயால், அதுவும் நீள அகலக் கணக்கோடு, தலை போவதைப் பற்றிச் சொற்பொழிவாற்றியிருக்கிறான்.

"மொதல்ல சுத்திப் போடணும்" என்று கன்னியம்மா ஆணையிட்டார். "ஆரத்தி கரைக்கணும். ஏ பொண்ணுங்களா, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்கடி!"

யாரும் நகரவில்லை. எல்லோரும் டியூபின் முனையைப் பார்த்தார்கள். அது ஒரு சொட்டு விட்டது.

மாமா தோள் துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். கன்னியம்மா பின்னாலேயே போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தணிந்த குரல்கள். அங்கே பேசப்படுவது தண்ணீரைப் பற்றியது அல்ல என்று எனக்கே புரிந்தது. "கரண்டியக் கட்டிடட்டா, வேணாமா? ஒண்ணு சொன்னீங்கன்னா தேவல" என்றார் எத்திராஜ், பொதுவாக வானத்தைப் பார்த்து. நான் அண்டாவைப் பார்த்தேன். மாலைக்குள் உலை ஏறவில்லை என்றால் என் அப்பா எதையும் சொல்லாமலே அடுத்த பஸ் ஏறிவிடுவார். அதற்கு முன் இவர்களே என்னை ஏற்றிவிடவும் வாய்ப்பு இருந்தது. பஸ் கட்டணம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

கதவு திறந்தது. வந்தது மாமா அல்ல. மல்லிகா.

கல்யாணப் பெண் அப்படி வெளியே வருவதில்லை. நலங்கு மஞ்சள் முகத்தில் காய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் கன்னியம்மா, "ஏய், உள்ள வாடி" என்று முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"போற தலை போவட்டும் அத்த" என்றாள் அவள். "கீற தலைங்களுக்கு ஆளுக்கு ஒரு கொடத்தக் குடு."

பிறகு என்னைப் பார்த்தாள். நிச்சயம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்:

"நீங்க மொதல்ல எடுங்க."

எடுத்தேன். புது வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, குடத்தைத் தலையில் வைத்துக் கழனிக்கும் சமையல் கொட்டகைக்கும் நடந்தேன். எனக்குப் பின்னால் மாமா. அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. வரப்புத் தகராறுப் பங்காளி தன் கழனியோரம் நின்று கொஞ்ச நேரம் இந்த ஊர்வலத்தைப் பார்த்தார். "அப்பிடியே சுத்திக்கினு எம்மாந் தூரம் போவீங்க? இப்டி குறுக்கால வாங்க" என்றார் எரிச்சலோடு. குடம் சுமந்து வரும் மாப்பிள்ளையிடம் வரப்புச் சண்டை போட முடியாதுபோல.

சாயங்கால பஸ் வந்தது. வழக்கப்படி பந்தல் வாசலில் சந்தனம் கொடுத்துப் பன்னீர் தெளிக்க வேண்டும். எங்கள் உறவினர்களுக்குச் சந்தனம் கொடுத்துக் குடம் கொடுத்தார்கள். என் அப்பா பட்டுக் கரை வேட்டியோடு ஒரு குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார்.

"உன்ன எஞ்சினியருக்குப் படிக்க வெச்சதே இதுக்குத்தானாடா?"

"ஹெட் லாஸ்பா."

"தெரியுது. வாய மூடிக்கினு நட."

உலை ஏறியது. பருப்பு வெந்தது. நாள் முழுவதும் ஊருக்குள்ளேயே கிடந்த என்னைப் பிறகு ஊர் எல்லை வரை அனுப்பி, மேளத்தோடு திரும்ப அழைத்துவந்து மாப்பிள்ளை அழைப்பையும் முடித்தார்கள். டியூபை நிறுத்த யாருக்கும் ஞாபகமில்லை. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பந்தியில் எத்திராஜின் ஆட்கள் தண்ணீர்க் கூஜாவோடு வந்து, "கொடத் தண்ணி ஊத்தவா, மாப்ள தண்ணி ஊத்தவா? மாப்ள தண்ணின்னா கொஞ்சம் லேட்டாவும்" என்று ஒவ்வொரு இலையிலும் கேட்டார்கள். முகூர்த்தத்தில் நாதஸ்வரக்காரர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும்போது கழுத்து வலித்தது.

பல வருடங்கள் கழித்து, ஓய்வு பெறும் தறுவாயில், அந்தப் பக்கத்தில் ஒரு குடிநீர்த் திட்டத்துக்காக மக்கள் கருத்துக் கேட்கப் போயிருந்தேன். மாமனார் ஊர் அல்ல, அங்கிருந்து நாலைந்து ஊர் தள்ளி. என்னை யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

"டேங்கு பக்கத்துல கீறவங்களுக்கு நல்லா வருது சார். எங்க கடசித் தெருவுக்கு மாப்ள தண்ணிதான் வருது."

என்னுடன் வந்த உதவிப் பொறியாளர் திருநெல்வேலிப் பையன். "அது என்ன தண்ணி?" என்றான்.

"ஒய்ங்கா வராம சொட்டிக்கினே இருக்கும்ல, அது சார். இந்தப் பக்கம் அப்டிதான் சொல்றது. யாரோ படிச்ச மாப்ளயாம், கல்யாணத்துக்குக் கொயா போட்டானாம்."

"அப்புறம் அவர் என்ன ஆனார்?"

"யாருக்குத் தெரியும்? பொண்ணு வூட்டுக்காரங்க தொரத்தி உட்டிருப்பாங்க."

தண்ணீர் வர முடியாத தூரத்தையெல்லாம் அந்தப் பெயர் கொஞ்சமும் குறையாமல் கடந்து வந்திருந்தது. நான் குனிந்து, அந்தத் தெருவின் குழாய்க்கு விட்டத்தைக் கணக்கில் வந்ததைவிட ஒரு படி கூட்டிக் குறித்தேன். (மேலிடத்தில் காரணம் கேட்டார்கள். 'உள்ளூர் அனுபவத்தின் அடிப்படையில்' என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.)

அன்று வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் இதைச் சொன்னேன். துரத்திவிட்டிருப்பார்களாம் என்று நானே சிரித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நைனா அன்னிக்கு உள்ள வந்து அதத்தான் சொன்னாரு. அத்தையும் சரின்னுச்சு. நான்தான், இருங்க, கொடம் தூக்கறாரான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னேன்."